உலகக் குறைப்பிரசவ விகிதம் உண்மையிலேயே குறைகிறதா?

கேள்வி: உலகில் குறைப்பிரசவம் 2010இல் 11.1%, 2014இல் 10.6%, 2020இல் 9.9% என்று மூன்று ஆய்வுகளில் பார்த்தேன். குறைந்து வருகிறது என்று என் ஆய்வேட்டில் எழுதலாமா? எங்கள் மருத்துவமனையின் விகிதத்தை இவற்றோடு ஒப்பிட எப்படிக் கணக்கிடுவது?

பதில்: அப்படி எழுதாதீர்கள். மூன்றும் தனித்தனி மதிப்பீடுகள். எந்த நாட்டின் தரவை ஏற்பது, தரவே இல்லாத நாட்டுக்கு எப்படிக் கணிப்பது என்பது ஒவ்வொன்றிலும் மாறியிருக்கிறது. 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த மதிப்பீடு, 2010ஆம் ஆண்டையும் புதிய முறையிலேயே திரும்பக் கணக்கிட்டது. அதன்படி 2010இல் 9.8%, 2020இல் 9.9%. பத்தாண்டில் அசைவே இல்லை. குறைமாதக் குழந்தைகளின் எண்ணிக்கை 1.38 கோடியிலிருந்து 1.34 கோடியானதை முன்னேற்றமாகக் காட்ட முடியாது. மொத்தப் பிறப்புகளே குறைந்துவிட்டன. போக்கைச் சொல்ல ஒரே மதிப்பீட்டின் ஆண்டு வரிசையை மட்டும் எடுங்கள்.

உங்கள் கணக்குக்கு வருவோம். உயிருடன் பிறந்த குழந்தைகளில் 37 வாரம் நிறையாதவர்களை, கர்ப்ப வாரம் தெரிந்த மொத்த உயிர்ப்பிறப்புகளால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். இறந்து பிறந்தவை இதில் சேராது. இரட்டையர் என்றால் இரண்டு குழந்தைகள்.

பிழை பெரும்பாலும் கர்ப்ப வாரத்தில்தான் நுழைகிறது. 36 வாரம் 6 நாள் குறைப்பிரசவமே. பதிவேட்டில் அதை 37 என்று முழுமையாக்கினால் விகிதம் சரிந்துவிடும். ஆகவே வாரத்தோடு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். 14 வாரத்துக்கு முன் எடுத்த ஸ்கேனில் பிழை ஒரு வாரத்துக்குள் அடங்கும். கடைசி மூன்று மாதத்தில் முதன்முறையாக எடுத்த ஸ்கேனில் அது மூன்று வாரத்தையும் தொடலாம். அதைவிட மோசம், வயிற்றில் வளர்ச்சி குன்றிய குழந்தையை அந்த ஸ்கேன் வயது குறைந்ததாகக் காட்டிவிடும். நிறைமாதக் குழந்தை குறைமாதக் கணக்கில் ஏறும். கடைசி மாதவிடாய்த் தேதியை மட்டும் நம்பிய பதிவுகளில் 5, 10, 15 போன்ற தேதிகள் குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். குவிந்திருந்தால் பலர் உத்தேசமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

2,500 கிராமுக்குக் குறைந்த எடையைக் குறைப்பிரசவத்துக்கு மாற்றாக எடுக்கவே வேண்டாம். தெற்காசியாவில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளில் பலர் நிறைமாதத்தில் பிறந்தவர்கள். ஆனால் எடை வேறு வகையில் உதவும்: 30 வாரம், 3 கிலோ என்று ஒரு பதிவு இருந்தால், பெரும்பாலும் தேதி தவறு.

இந்தியாவின் 2020 மதிப்பீடு சுமார் 13%. உங்கள் மருத்துவமனையில் 22% வந்தால் பதற வேண்டாம். சிக்கலான கர்ப்பங்கள் அனுப்பப்படும் இடத்தில் விகிதம் உயர்வது இயல்பு. வெளியிலிருந்து அனுப்பப்பட்டவர்களை, தொடக்கம் முதல் உங்களிடமே பதிவு செய்தவர்களிடமிருந்து பிரித்து, இரண்டு விகிதங்களாகக் கொடுங்கள். நம்பக எல்லையும் வேண்டும்: 400 பிறப்பில் 60 என்றால் 15%, ஆனால் உண்மை ஏறத்தாழ 11.5 முதல் 18.5 வரை எங்கும் இருக்கலாம். கர்ப்ப வாரம் தெரியாமல் விடுபட்ட பிறப்புகள் எத்தனை என்பதையும் அதே அட்டவணையில் போடுங்கள். வலியோடு நேரே வந்து பிரசவித்தவர்கள்தான் அதில் அதிகம் இருப்பார்கள். அவர்களிடம் குறைப்பிரசவமும் கூடுதல்.