இடது காதின் நுனி: கருத்தடை செய்யப்பட்ட சமூகப் பூனைகளின் அடையாளம் குறித்த கேள்வி பதில்

சிங்கப்பூரின் அடுக்குமாடி வட்டாரங்களில் உரிமையாளர் இன்றி வாழும் சமூகப் பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்வித்து, பிடித்த இடத்திலேயே மீண்டும் விடும் தொண்டூழியர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (ஈசூன்): எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் திரியும் கறுப்புப் பூனையின் இடது காது கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் நேராக இருக்கிறது. யாரேனும் துன்புறுத்தியிருப்பார்களா? புகார் கொடுக்க வேண்டுமா?

பதில்: 2015ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து உங்கள் வட்டாரத்தில் பூனைகள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டதை அறிந்த எவருக்கும் இந்த அச்சம் எழுவது இயல்பு. ஆனால், நீங்கள் விவரிப்பது கருத்தடை செய்யப்பட்டதன் அடையாளமாகவே தெரிகிறது. இங்கு இடது காதின் நுனியைப் படுக்கைக் கோடாக, ஒரே நேராக வெட்டுவதே வழக்கம். சண்டையில் கிழிந்த காதின் விளிம்பு ஒழுங்கற்று, பெரும்பாலும் பக்கவாட்டில் பிளந்திருக்கும். விளிம்பு நேராகவும் ஆறியும் இருந்தால் புகார் தேவையில்லை. பச்சைப் புண், இரத்தக் கசிவு, உடலில் வேறு காயங்கள் ஆகியவற்றைக் கண்டால் மட்டும் தாமதிக்காமல் தெரிவியுங்கள்.

கேள்வி (தெம்பனிஸ்): வாயில்லா ஜீவனின் காதை வெட்டுவது கொடுமை அல்லவா? அதன் செவித்திறன் பாதிக்கப்படாதா?

பதில்: தனியாகப் பிடித்து, விழித்திருக்கும் பூனையின் காதை வெட்டினால் அது கொடுமைதான். அப்படி யாரும் செய்வதில்லை. கருத்தடை அறுவைக்காகக் கொடுக்கப்படும் அதே மயக்கத்தில், கால்நடை மருத்துவரே இதையும் செய்துவிடுகிறார். நுனியிலிருந்து ஏறத்தாழ 1 செ.மீ. கீழே நேரான இடுக்கி ஒன்றைக் காதின் குறுக்கே பூட்டி, இடுக்கியின் மேல் விளிம்பை ஒட்டி வெட்டுவார்கள். குட்டியாக இருந்தால் அளவு இன்னும் குறையும். வெட்டிய உடனே இடுக்கியைக் கழற்றினால் இரத்தம் கசியும் என்பதால் சில நிமிடங்கள் அப்படியே விட்டுவைத்து, கழற்றிய பிறகு தேவைப்பட்டால் இரத்தத்தை நிறுத்தும் பொடியை விளிம்பில் தடவுவார்கள். தையல் போடுவதில்லை. அந்தப் பகுதியில் இருப்பது தோலும் மெல்லிய குருத்தெலும்பும் மட்டுமே. கேட்கும் உறுப்பு மண்டைக்குள் இருக்கிறது. எனவே செவித்திறனுக்கு இதனால் குறைவு வருவதில்லை.

கேள்வி (ஜூரோங்): கழுத்துப் பட்டை, மைக்ரோசிப், பச்சை குத்துதல் என இத்தனை வழிகள் இருக்கும்போது காதை வெட்டுவது ஏன்?

பதில்: அடையாளத்தைப் பார்க்க வேண்டியவர் எங்கே நிற்கிறார் என்பதிலிருந்து இதை யோசிக்க வேண்டும். அவர் இரவில், பத்து மீட்டர் தள்ளி, கூண்டின் கதவுக் கயிற்றைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். எதிரே இருப்பதோ மனிதரை அண்டவிடாத பூனை. தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பைப் படிக்கக் கருவியைப் பூனையின் தோளருகே கொண்டுபோக வேண்டும். பச்சை குத்தியதைக் காணப் பூனையைக் கையில் பிடித்திருக்க வேண்டும். இரண்டுக்கும் முதலில் பூனை கூண்டுக்குள் வந்தாக வேண்டும். நாம் தவிர்க்க நினைப்பதே அதைத்தான். கழுத்துப் பட்டை கழன்றுவிடும். கழலாவிட்டால் வேலியிலோ கிளையிலோ சிக்கும், அல்லது வளரும் பூனையின் கழுத்தை இறுக்கும். காதில் மாட்டும் வில்லை சீழ் பிடிக்கும், பிய்ந்தும் போகும்.

காதில் அடையாளம் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பெண் பூனையின் வயிற்றில் மழித்த மயிர் சில வாரங்களில் வளர்ந்து தழும்பை மூடிவிடுகிறது. அடுத்த ஆண்டு வேறொரு தொண்டூழியர் அதே பூனையைப் பிடித்து, பட்டினி போட்டு, மருத்துவரிடம் கொண்டு செல்கிறார். மீண்டும் மயக்கம், சில வேளைகளில் மீண்டும் வயிற்றைத் திறந்து பார்த்த பிறகே கருப்பை ஏற்கெனவே நீக்கப்பட்டது தெரியவரும். காது நுனி நேராக இருந்தால் கூண்டுக்குள் மாட்டிய பூனையைக்கூட அங்கேயே திறந்து விட்டுவிடலாம். பூனையின் நலன் கருதியே இந்த வெட்டு என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

கேள்வி (அங் மோ கியோ): ஜப்பானில் பூனைகளின் காதில் ‘வி’ வடிவ வெட்டைப் பார்த்தேன். சென்னையில் தெருநாய்களுக்கும் அப்படித்தான் இருந்தது. எது சரி?

பதில்: ஜப்பானில் கருத்தடை செய்த பூனைகளைச் செர்ரிப் பூவிதழ் போன்ற அந்த வெட்டை வைத்துச் ‘சக்குரா பூனை’ என்று அழைக்கிறார்கள், ஆணுக்கு வலக்காது, பெண்ணுக்கு இடக்காது என்பது அங்குள்ள பொது வழக்கம். தொலைவிலிருந்தே பாலினமும் தெரிவது நல்ல வசதி. ஆயினும், பூனைச் சண்டையில் ஏற்படும் கிழிசலும் பெரும்பாலும் அதே உருவில் அமைவதால், பூனைகளுக்கு நேர்வெட்டே மேல் என்பது என் கருத்து.

கேள்வி (தோ பாயோ): காது வெட்டப்பட்ட ஆண் பூனையை விட்ட இரண்டாவது வாரமே அது பெண் பூனையோடு சேர்ந்ததைப் பார்த்தேன். இன்னொரு பெண் பூனை, காது வெட்டப்பட்டிருந்தும் இரவெல்லாம் கத்துகிறது. அறுவை பொய்யா?

பதில்: ஆணின் விதைகளை நீக்கிய பிறகும் விந்துப் பாதையில் எஞ்சிய விந்தணுக்களால் சில வாரங்கள் வரை கருத்தரிக்கச் செய்ய இயலும், இனச்சேர்க்கை நடத்தை அதற்குப் பின்னும் கொஞ்ச காலம் தொடரலாம். பெண் பூனை முதுகை வளைத்து, பின்புறத்தை உயர்த்தி, தரையில் உருண்டு கத்துகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் அது இனச்சேர்க்கைப் பருவத்தின் அறிகுறி; சூலகத்தின் ஒரு துண்டு உள்ளே தங்கியிருக்கக்கூடும். அரிதாக நேர்வதே, ஆனாலும் மீண்டும் பிடித்து மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். வெறுமனே கத்தினால், அது பசியாகவோ எல்லைச் சண்டையாகவோ இருக்கலாம்.

கேள்வி (புக்கிட் பாத்தோக்): நான் உணவளிக்கும் வெள்ளைப் பூனையின் வெட்டிய காது விளிம்பில் பொருக்கு உண்டாகி உதிர்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட காது இது.

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். வெட்டுக்காயம் வழக்கமாகச் சில நாள்களில் ஆறிவிடும். ஆண்டுகள் கழித்துப் பொருக்கு வருவதற்கு அது காரணமன்று. வெள்ளைக் காதுகளில் நிறமி இல்லாததால் வெயில் நேரடியாகத் தாக்கி, வயதான காலத்தில் தோல் புற்றுநோய் தோன்றுவதுண்டு. ஆறாத பொருக்கே அதன் முதல் அறிகுறி. தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சென்றால் காதுமடலை நீக்கிக் காப்பாற்ற வாய்ப்புண்டு. அவ்வாறு மடல் நீக்கப்பட்ட பூனைகளும் சில நம்மிடையே உலவுகின்றன; அவற்றின் குட்டையான காதைக் கருத்தடை அடையாளம் என்று எண்ணிவிடக் கூடாது.

கேள்வி (செங்காங்): வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வளர்க்கும் என் பூனைக்கும் காது வெட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்க அனுமதி உண்டு. மைக்ரோசிப்பும் உரிமமும் அவசியம். காது அடையாளம் தெருவில் வாழ்பவற்றுக்கே. காது வெட்டிய சமூகப் பூனையைத் தத்தெடுத்தால் அதற்கும் சிப் பொருத்தி, உரிமம் பெற வேண்டும்.

கேள்வி (பிடோக்): காது வெட்டப்படாத தாய்ப்பூனை குட்டிகளுக்குப் பால் கொடுத்து வருகிறது. இப்போதே பிடிக்கலாமா?

பதில்: குட்டிகள் தாமாக உண்ணும்வரை பொறுப்பது நல்லது; ஆனால் அதிகம் பொறுக்கவும் கூடாது, ஏனெனில் பால் கொடுக்கும்போதே மீண்டும் சினைப்படும், சினைக்காலமோ ஏறத்தாழ ஒன்பது வாரங்களே. குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆனதும் தாயையும் குட்டிகளையும் சேர்த்தே பிடித்து, குட்டிகளின் எடை போதுமா என்பதை மருத்துவர் முடிவுக்கு விடுங்கள். அறுவைக்கு முன் தாய்க்கு எத்தனை மணி நேரம் உணவை நிறுத்த வேண்டும் என்று கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அந்தக் கணக்கு குட்டிகளுக்குப் பொருந்தாது. பிடித்ததும் கூண்டைத் துணியால் மூடிவிடுங்கள், பூனை அடங்கிவிடும். உங்கள் புளோக்கில் உணவளிக்கும் மற்றவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் அன்றிரவு வயிறு நிரம்பப் போட்டுவிட்டால் எந்தப் பூனையும் கூண்டுப் பக்கம் வராது.