பல வேலை தெரிந்த வெர்ச்சுவல் அசிஸ்டென்டுக்கு உண்மையில் என்ன பயன்?

டேட்டா என்ட்ரி மட்டும் தெரியும், மற்ற வேலைகளையும் கற்றுக்கொண்டால் வெர்ச்சுவல் அசிஸ்டென்டாக, அதாவது வீட்டிலிருந்தே இணையம் வழியாக மற்றவர்களின் அலுவலக வேலைகளைச் செய்துதரும் உதவியாளராக, பயன் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கும். 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். என் பெரியப்பா என்னிடம் இன்றும் சொல்கிறார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளராக ஆறு வருடம் இருந்தேன். சரக்கு வாங்கும் பையருக்கு மெயில் எழுதுவது, இன்வாய்ஸ் எனும் பில்லும் பேக்கிங் லிஸ்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது, லேப் டிப் எனும் சாய மாதிரித் துணி வராவிட்டால் சாயப்பட்டறையைப் போனில் விரட்டுவது எல்லாம் என் பொறுப்பு. மகள் பிறந்தபின் வேலையை விட்டேன். 2022 செப்டம்பரில் மெல்போர்னில் இருக்கும் ஓர் உணவியல் ஆலோசகரிடம், வாரம் பத்து மணி நேரம் மெயில்களைப் பிரித்து வைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அவரிடம் ஆலோசனை பெறுபவர்களில் பலர் லண்டன்காரர்கள்.

அக்டோபர் முதல் வாரத்தில் அடுத்தடுத்து மூன்று புகார்கள் வந்தன. 'காத்திருந்தேன், நீங்கள் வரவில்லை' என்பதே மூன்றிலும் இருந்தது. புகார் என்று குறித்து வைத்துவிட்டால் என் வேலை முடிந்தது. ஆனால் அதே மூன்று பேருக்கும், அவர்கள்தான் வரவில்லை என்று பாதிக் கட்டணத்துக்கு இன்வாய்ஸ் போயிருந்ததைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் எப்படிக் காத்திருக்க முடியும்?

அதற்கு முந்தைய வாரம்வரை எனக்குக் காலை ஏழரைக்கு இருந்த வாராந்திரக் கூட்டம் ஆறரைக்கு வந்திருந்தது. அதில்தான் பிடி கிடைத்தது. மெல்போர்னில் அக்டோபர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுகிறார்கள். லண்டனில் அந்த மாதக் கடைசி ஞாயிறுதான் பின்னே தள்ளுவார்கள். ஆக, இரண்டு ஊருக்கும் ஒன்பது மணியாக இருந்த வித்தியாசம் பத்தாகி, மாதக் கடைசியில் பதினொன்றாகும். முன்பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தவரோ எக்செலில் எல்லாவற்றுக்கும் ஒன்பதைக் கூட்டிவைத்திருந்தார். லண்டன் நேரம் காலை எட்டு மணிச் சந்திப்புக்குப் பதிவு செய்தவருக்காக ஆலோசகர் அங்கே ஏழு மணியாக இருக்கும்போதே வந்து, காத்திருந்து, போய்விட்டிருக்கிறார்.

மூன்று பேருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதி, கட்டணத்தை ரத்து செய்யும் கிரெடிட் நோட்டுகளைத் தயாரித்து, ஆலோசகரின் ஒப்புதலுடன் அனுப்பினேன். முன்பதிவுகளை லண்டன் நேரத்திலேயே கூகுள் காலண்டரில் ஏற்றினேன். இரண்டு ஊர் நேரத்தையும் அதுவே மாற்றிக் காட்டிவிடும். அந்த மாதமே பத்து மணி நேர வேலை இருபத்தைந்து மணி நேரமானது.

முன்பதிவு பார்த்தவர் திறமை இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்குக் கட்டணக் கணக்கு கண்ணில் படவில்லை, கணக்குப் பார்த்தவருக்கு மெயில் கண்ணில் படவில்லை. மூன்றையும் ஓரளவு படிக்கத் தெரிந்த ஒருத்திக்குத்தான் அந்தப் பிழை தெரிந்தது. பல வேலை தெரிவதன் பயன் என்று நான் நம்புவது இதைத்தான். ஒரே துறையில் ஆழமாகப் போனவர்கள் மணிக்கு என்னைவிட அதிகம் வாங்குவார்கள், மறுக்கவில்லை. பத்து வேலையையும் ஒரு வேலைக்கான சம்பளத்தில் தலையில் கட்டுபவர்களும் உண்டு. புதிய வேலை சேரும்போதெல்லாம் கட்டணத்தைப் பேசி மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. போன வருடம் வீட்டுக் கடனுக்கு ஒரு வங்கிக்குப் போனேன். மூன்று வருட வருமான வரிக் கணக்கும், வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கான சான்றுகளும் கொண்டுபோயிருந்தேன். மேலாளர் கோப்பைத் திறக்கவே இல்லை. "சம்பளச் சீட்டு இல்லையாம்மா? அப்படியென்றால் உங்கள் வீட்டுக்காரருடையதைக் கொண்டுவாருங்கள்" என்றார். என் கணவரைவிட நான் அதிகம் சம்பாதித்த வருடம் அது. கோப்பை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

உங்களுக்கு டேட்டா என்ட்ரி கைவந்திருப்பதால் அடுத்து இன்வாய்ஸ் போடக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு காலண்டர். இப்போது நீங்கள் தட்டச்சு செய்யும் எண்கள் எங்கிருந்து வருகின்றன, யாரிடம் போகின்றன என்று உங்கள் வாடிக்கையாளரிடமே கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.