நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறேன். வயது 42. டீ ஃபேக்டரியில் வேலை பார்த்த கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. மகள் கோவையில் நர்சிங் படிக்கிறாள். அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. கணவரின் தங்கை, புருஷன் விட்டுப் போனவள், பக்கத்து வீட்டில் இருக்கிறாள். இருவரும் சேர்ந்துதான் இலை பறிக்கிறோம். இலை எடுக்க வரும் வண்டி டிரைவர், மனைவியை இழந்தவர், என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். எனக்கும் பிடித்திருக்கிறது. நாத்தனாரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவள் இல்லாமல் எனக்கு நாள் ஓடாது. பேசாமல் வேண்டாம் என்று சொல்லிவிடவா?

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் அந்த டிரைவரைப் பற்றி இருப்பது சில வரிகள். மீதியெல்லாம் நாத்தனார்தான். கரடி நடமாட்டம் என்றால் இருவரும் ஒரே வீட்டில் படுத்துக்கொள்வது, மகளின் ஃபீஸுக்கு அவர் கம்மலை அடகு வைத்தது... இப்படி ஒரு துணை அமைவது லேசில்லை. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நாத்தனாருக்காக விட்டுக்கொடுத்தோம் என்று நீங்கள் மனதில் கணக்கு எழுதி வைப்பீர்கள். அவருக்கோ அது தெரியவே தெரியாது. என்றாவது இலை எடையில் வரும் ஒரு அற்பச் சண்டையில் அது வெளியே வந்து விழும். அப்போது இருவருக்குமே தாங்காது.

யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம்தான். இலை வண்டி எந்தத் தோட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று உங்கள் ஊரில் ஒருத்தருமா கவனிக்காமல் இருப்பார்கள்? நாத்தனார், நீங்களாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கக்கூடும். மகளுக்கும் முன்னால் அவரிடம் சொல்லுங்கள். மற்ற ஆட்கள் இருக்கும் தோட்டத்தில் வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து சொல்லுங்கள். உடனே பதில் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தாலும் இருக்கட்டும்.

அவர் மனதில் நிலமும் ஓடும். அதைத் தவறென்று நினைக்காதீர்கள், தனியாக இருக்கும் பெண்ணுக்கு ஓடத்தான் செய்யும். நிலம் உங்கள் கணவர் பெயரில் இருந்து, அவர் உயில் எழுதவில்லை என்றால், 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும் மகளுக்கும், மாமியார் இருந்தால் அவருக்கும் சம பங்கு. மறுமணம் செய்தாலும் உங்கள் பங்கு போகாது. ஒருவேளை பட்டா இன்னும் மாமனார் பெயரிலேயே கிடக்கிறதா? அப்படியென்றால், மாமனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால், நாத்தனாருக்கும் பங்கு உண்டு. கல்யாணத்துக்கு முன்பே அதைப் பிரித்து அவர் பெயருக்கு எழுதிவிடுங்கள். "அண்ணி போனாள், நிலமும் போச்சு" என்ற பேச்சுக்கே இடம் இருக்காது.

இன்னொன்று, பி.எஃப். அலுவலகத்தில் இருந்து உங்களுக்கு வரும் பென்ஷன் மறுமணம் செய்தால் நின்றுவிடும். ஆனால் மகளுக்கு 25 வயது வரை வர வழி உண்டு. அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், மறைத்து வாங்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

"எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களைச் சுற்றியுள்ள படகர் ஹட்டிகளில் (படகர் இன மக்களின் ஊர்களில்) விதவை மறுமணம் பழைய வழக்கம். அதனால் அங்கே எந்தக் குடும்பமும் கெட்டுப்போகவில்லை. உங்கள் ஆட்கள் கொஞ்ச நாள் பேசுவார்கள், பேசட்டும். கல்யாணத்தை மட்டும் 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

எல்லாம் எழுதிய நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். டிரைவர் உங்கள் வீட்டுக்கு வருவாரா, நீங்கள் அவர் ஊருக்குப் போக வேண்டுமா? நாத்தனார் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அவரிடம் அதைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு, அப்புறம் பக்கத்து வீட்டுக்குப் போங்கள்.