ஜெனரல் ஸ்டடீஸ் சேரலாமா?

மதுரையில் பி.காம் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோய், கல்யாணமாகி எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் துணைக்கான விசா) கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் வந்திருக்கிறீர்கள். பக்கத்திலுள்ள கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) ஜெனரல் ஸ்டடீஸ், அதாவது ஒரே துறை என்றில்லாமல் பல பாடங்களைக் கலந்து படிக்கும் படிப்பில், சேரலாமா, அதற்கு மதிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் இப்படி வந்திறங்கி, இதே படிப்பில் சேர்ந்தவள்தான்.

தாராளமாகச் சேரலாம், தங்கச்சி. எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்களைப் போல செமஸ்டருக்கு 12 யூனிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஒரே ஒரு பாடம் எடுத்துப் பார்க்கலாம். வேலை பார்க்கும் அனுமதி வரும்வரை காலேஜ் லைப்ரரியில்கூடச் சம்பளத்துக்கு உட்கார முடியாது, அவ்வளவுதான்.

கலிபோர்னியாவாசி என்று ஆகிவிட்டால் யூனிட்டுக்கு 46 டாலர், மூன்று யூனிட் பாடத்துக்கு 138. வெளியாள் கணக்கில் போனால் இதைப்போலப் பல மடங்கு. வாசி ஆவதற்கு ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே இருந்திருக்க வேண்டும், அதைக் காட்டக் காகிதமும் வேண்டும். நான் வீட்டு வாடகை, கரண்ட் பில் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் பெயரிலேயே விட்டுவிட்டு, கடைசியில் ஒரு பேங்க் ஸ்டேட்மென்டுக்காக அலைந்தேன். நீங்கள் இப்போதே டிரைவிங் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள்.

இனி மதிப்பு. 60 யூனிட் முடித்தால் அசோசியேட் டிகிரி (இரண்டு வருடப் பட்டம்) கையில் வரும். அதை மட்டும் நீட்டினால் வேலைச் சந்தையில் பெரிதாக ஒன்றும் நடக்காது. அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறினால்தான் பலன். ஜெனரல் ஸ்டடீஸ் தவிர, 'டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் டிகிரி' என்று இன்னொன்று உண்டு. அதை முடித்தவருக்குக் கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்களில் ஏதாவது ஒன்றில் இடம் நிச்சயம், மேற்கொண்டு 60 யூனிட் படித்தால் இளங்கலைப் பட்டம். ஜெனரல் ஸ்டடீஸில் அந்த உறுதி இல்லை. இது தெரியாமல், பாடம் தேர்ந்தெடுக்க வழிகாட்டும் காலேஜ் கவுன்சிலர் தலையாட்டிய பாடங்களை எல்லாம் எடுத்தேன். அதில் மூன்று பாடங்களைப் பல்கலைக்கழகம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒன்பது யூனிட், ஒரு முழுக் கோடைக்காலம், போச்சு. எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று அசிஸ்ட் இணையதளத்தில் பார்த்துவிட்டு அப்புறம் பதிவு செய்யுங்கள். பி.காம் படித்த உங்களுக்கு பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன்தான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

வகுப்புக்குப் பயப்பட வேண்டாம். என் பக்கத்து இருக்கையில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன ஒரு பாட்டி இருந்தார். எனக்குச் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. முதல் ஆங்கிலக் கட்டுரையில் பாடப்புத்தகத்தின் இரண்டு பத்திகளை மனப்பாடமாக, ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிக் கொடுத்தேன். நம் ஊரில் அதற்குத்தான் மார்க்! பேராசிரியை அந்த வரிகளுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, "இது யார் எழுதியது?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். மார்க் போடவில்லை. ஆபீஸ் அவர்ஸில் (மாணவர்களைச் சந்திக்கப் பேராசிரியர் ஒதுக்கும் நேரம்) போய் உட்கார்ந்த பிறகுதான், அடுத்தவர் வாக்கியத்துக்கு மேற்கோள் குறியும் ஆசிரியர் பெயரும் போட வேண்டும், போடாவிட்டால் இங்கே அது திருட்டு என்று புரிந்தது. நல்ல மனுஷி, மறுபடி எழுத விட்டார்.

கடைசியாக ஒன்று: அங்கே படித்ததை இங்கே கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்பதற்கு, மதுரையில் கிடக்கும் மார்க் ஷீட்டையும், இரண்டு வருட சிலபஸையும் வீட்டில் யாரையாவது அனுப்பி இப்போதே வாங்கச் சொல்லுங்கள். சிலபஸில் காலேஜ் முத்திரை இருக்கட்டும்.