பெரிய நிறுவனங்களில் மேலே இருப்பவர்கள் நெறி தவறக் காரணம் பேராசைதானா?

பேராசை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பல வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். "பொய்க்கணக்கு எழுது" என்று யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு காலாண்டின் கடைசி நாள், இரவு எட்டரை மணி. விற்பனைப் பிரிவுத் தலைவர் ஓர் ஆர்டரை என் மேசையில் வைத்தார். சரக்கு இன்னும் கிடங்கிலேயே இருந்தது. "இன்னிக்குத் தேதியில பில் போட்டுடுங்க, சரக்கு அடுத்த வாரம் போயிடும். மேலே நம்பர் சொல்லியாச்சு" என்றார். மிரட்டவில்லை, தோளில் கைவைத்துத்தான் பேசினார். போட்டேன். அடுத்த காலாண்டுக்கு வரவேண்டிய விற்பனையை முன்கூட்டியே எடுத்துவிட்டோம் இல்லையா, அந்தப் பள்ளத்தை நிரப்ப அப்போது இரண்டு பில் தேவைப்பட்டது. அந்த முறை யாரும் எனக்கு விளக்கம்கூடச் சொல்லவில்லை.

ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தைப் படித்தால் இதே கதைதான். இருப்பதாகக் காட்டிய வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. ஆரம்பத்தில் சின்ன இடைவெளிதான், வருடா வருடம் பெருகிவிட்டது என்கிறார்.

ஜப்பானிய மின்னணு நிறுவனமான தோஷிபா இன்னும் தெளிவான உதாரணம். எட்டவே முடியாத லாப இலக்குகளை "சேலஞ்ச்" என்ற பெயரில் மேலிடம் கீழே தள்ளியது. மேலதிகாரியை மறுத்துப் பேச முடியாத இடம் அது. கீழே இருந்தவர்கள் செலவைத் தள்ளிப்போட்டு லாபத்தைக் காட்டினார்கள். 2015இல் விசாரணைக் குழு கூட்டிப் பார்த்தபோது சுமார் 15,000 கோடி யென் அதிகமாகக் காட்டியிருந்தது தெரிந்தது.

நெறிமுறைக் கையேடு இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். கணக்கு மோசடியால் 2001இல் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனம் என்ரானின் கையேடு 64 பக்கம். நிதித் தலைவர் தனியாக நடத்திய கூட்டு நிறுவனங்கள் என்ரானோடேயே வியாபாரம் செய்வதற்காக, அதைத் தடுத்த கையேட்டு விதியை இயக்குநர் குழுவே விலக்கிவைத்தது.

அதனால் கெட்ட செய்தியோடு போகிறவனை ஒரு தலைவர் எப்படி நடத்துகிறார் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். அந்த வேலையை விட்டு வந்த பிறகு, புது இடத்திலும் ஒரு காலாண்டு விற்பனை விழுந்தது. தயங்கிக்கொண்டே அங்கே தலைவராக இருந்த மேடத்திடம் தாளை நீட்டினேன். ஒருமுறை படித்துவிட்டு, "சரி, இதே நம்பரைத்தான் நாளைக்கு போர்டில் சொல்லப்போறேன். நீங்களும் கூட வாங்க" என்றார்.