பாசிக்குப் போன நாளில் நடந்த கூட்டம்

அன்புள்ள அண்ணனுக்கு,

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். அரசாங்கம் எடுக்கும் முடிவுகளுக்குப் பின்னால் நலக்குழுக்கள் (தங்கள் நலனுக்காகச் சேர்ந்து அழுத்தம் கொடுப்பவர்கள்) இருக்கின்றன என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். பெரிய கம்பெனிகள் டெல்லியில் செய்வதையும் எங்கள் விசைப்படகுச் சங்கம் கலெக்டர் ஆபீசில் செய்வதையும் ஒரே வார்த்தைக்குள் அடைத்துவிட்டீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. அவர்கள் பணத்தை வைத்துக் காரியம் சாதிக்கிறார்கள். நாங்கள் வெயிலில் நின்று மனு கொடுக்கிறோம். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். அம்மா கடல்பாசி எடுக்கப் போவார். நான் எம்.காம். முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் வேலை பார்க்கிறேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஐந்து வருடமாகச் சங்கத்துக்கு மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. டீசல், தடைக்கால நிவாரணம், இலங்கையில் பிடிபட்ட படகு என்று எழுதியதையேதான் திரும்பவும் எழுதுகிறேன். கடைசியில் பணம் உள்ளவன் சொல்வதுதான் நடக்கும் என்றால், நான் எதற்காக எழுத வேண்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள தம்பி,

ஒரே வார்த்தைக்குள் அடைத்தது தெரிந்தேதான். தங்களுக்கு வேண்டிய ஒன்றுக்காகச் சிலர் சேர்ந்து, விதி எழுதுகிறவரிடம் போய் 'இப்படி எழுதுங்கள்' என்று கேட்கிறார்கள். மும்பை முதலாளி செய்வதும் தங்கச்சிமடத்துச் சங்கம் செய்வதும் இதைத்தான். கையில் உள்ள சாமான்தான் வேறு வேறு. அதில் கேவலம் எதுவும் இல்லை. நம் கடலில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று கிழமை பிரித்திருப்பதும், கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் விசைப்படகு மடி வலை இழுக்கக் கூடாது என்று 1983-ஆம் வருடச் சட்டம் வந்ததும் எந்த அதிகாரிக்கும் கனவில் தோன்றியதல்ல. நாட்டுப்படகுக்காரர்கள் சண்டை போட்டு, அடி வாங்கி, கொடுத்து வாங்கியது. (அந்த மூன்று மைல் எத்தனை நாள் மூன்று மைலாக இருக்கிறது என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியும். சட்டம் எழுதும்போது தோற்றவர்கள் அதை அமல்படுத்தும் இடத்தில் ஜெயித்துவிடலாம். அது தனிக் கதை.)

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் பேசும், அதில் சந்தேகமே வேண்டாம். தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, கட்சிகளுக்கு யார் யார் பணம் கொடுத்தார்கள் என்று வெளிவந்த பட்டியலைப் பார்த்தீர்கள். அமெரிக்காவில் லாபி செய்கிறவர், அதாவது ஒருவருக்காக அரசிடம் பேசிக் காரியம் சாதிக்கிறவர், பதிவு செய்துகொள்ள வேண்டும், செலவுக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 1995-இல் சட்டம் போட்டார்கள். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. 2013-இல் ஒரு தனிநபர் மசோதா வந்தது, சட்டமாகவில்லை. இந்தியச் சந்தைக்குள் நுழைய வால்மார்ட் செய்த லாபிச் செலவு பற்றி 2012 டிசம்பரில் நம் நாடாளுமன்றத்தில் அமளி நடந்தது. அந்தத் தகவலே அவர்கள் அமெரிக்காவில் தாக்கல் செய்த கணக்கிலிருந்துதான் நமக்குத் தெரியவந்தது.

ஆனால் எல்லாவற்றையும் பணத்தின் மேல் போட்டுவிட்டால் என் மாமாவுக்கு நடந்தது புரியாது.

மாமா அட்டை குளிப்பவர், அதாவது கடல் அட்டைக்காக முங்குகிறவர். வள்ளத்தில் போய், மூச்சடக்கி இறங்கி, வெள்ளை அட்டை எடுத்து வருவார். கரையில் அதைக் கீறி, அவித்து, மணலில் புதைத்து, திரும்பவும் அவித்துக் காய வைப்பார்கள். அந்த நாற்றம் எங்கள் தெருவுக்கே உரியது, கல்யாணத்துக்கு வந்த மதுரைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். காய்ந்த அட்டை கமிஷன்காரர் கைக்குப் போகும். அங்கிருந்து சிங்கப்பூர், ஹாங்காங். இங்கே ஒருவரும் அதைத் தின்பதில்லை.

2001 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் அட்டை முழுவதும் சேர்க்கப்பட்டது. புலி இருக்கும் அதே அட்டவணை. மீறினால் சிறை, இன்றைய சட்டப்படி குறைந்தது மூன்று வருடம். அதற்கு முன்னும் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை, மூன்று அங்குலத்துக்குக் குறைந்த அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று 1982-லிருந்தே விதி உண்டு. அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று மாமாவே சொல்வார்.

இப்போதுதான் நான் சொல்ல வந்த இடம். அதே அறிவிக்கையில் சுறா, திருக்கை இனங்கள் அத்தனையும் அட்டவணையில் சேர்க்கப்பட்டிருந்தன. குஜராத்திலிருந்து ஆந்திரா வரைக்கும் சுறா பிடிப்பவர்கள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்களுக்குச் சுறாதான் வாழ்க்கை. சுறாத் துடுப்பை ஏற்றுமதி செய்பவர்கள் உண்டு. கடலோர மாநிலங்களிலிருந்து சத்தம் கிளம்பியது. டிசம்பருக்குள் அறிவிக்கை திருத்தப்பட்டது. சில இனங்கள் மட்டும் தடையில் இருந்தன, மற்றவை வெளியே வந்துவிட்டன. ஐந்தே மாதம்.

அட்டை உள்ளேயே இருந்துவிட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

சுறாக்காரர்கள் லஞ்சம் கொடுத்தார்கள், அட்டைக்காரர்கள் கொடுக்கவில்லை என்பதா காரணம்? இல்லை. அட்டை குளிப்பவர்கள் பெரும்பாலும் ராமநாதபுரம், தூத்துக்குடி என்று இரண்டு மாவட்டத்துக்குள் அடங்கிவிடுகிறவர்கள். எந்த மாநில முதல்வரும் இவர்களுக்காக டெல்லிக்கு அவசரக் கடிதம் எழுத வேண்டிய கணக்கு இல்லை. இது என் கணிப்பு. இன்னொன்று என் கண்ணால் பார்த்தது. அந்த வருடம் மாமாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் ஓர் அலுவலகத்துக்கு மனுவோடு போனார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். அந்த அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அப்புறம் கேட்டார்: மொத்தம் எத்தனை பேர் இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள்? வருடத்துக்கு எவ்வளவு எடுக்கிறீர்கள்? பத்து வருடத்துக்கு முன்னால் எவ்வளவு கிடைத்தது? ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. கணக்கெல்லாம் கமிஷன்காரரின் நோட்டில் இருந்தது, அதிலும் இவர்கள் வாங்கிய முன்பணம்தான் இருந்திருக்கும். மாமா சொன்னது ஒன்றுதான்: "நிறையப் பேரு சார்." அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை. எழுத அதில் என்ன இருக்கிறது?

எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களிடம் தாள் இருந்தது. கடல் உயிர்களைக் காக்க வேண்டும் என்பவர்களும் ஒரு நலக்குழுதான் தம்பி, அவர்களை நான் வில்லனாக்க மாட்டேன். அட்டை குறைந்துகொண்டு வந்தது உண்மை. ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போகும் ஓர் அதிகாரிக்குக் கடலைப் பற்றி யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். எண்ணோடு, படத்தோடு, நான்கு பக்கத்தில், தட்டச்சு செய்த தாளைக் கொண்டுவந்து வைப்பவர் பாதி விதியை எழுதிக் கொடுத்துவிடுகிறார். கம்பெனிகளின் பலமும் பெரும்பாலும் இதுதான். பணப்பெட்டி எல்லா நாளும் போவதில்லை. தாள் எல்லா நாளும் போகிறது.

மான்சர் ஓல்சன் என்று ஓர் அமெரிக்கப் பொருளியலாளர். சிறிய கூட்டம், ஆளுக்குக் கிடைக்கும் லாபம் பெரியது என்றால் அவர்கள் சுலபமாகச் சேர்ந்துவிடுவார்கள், பெரிய கூட்டத்தில் ஆளுக்கு ஆள் 'அடுத்தவன் போகட்டும்' என்று இருந்துவிடுவார்கள் என்று 1965-இலேயே விளக்கியவர். சரிதான். ஆனால் அட்டைக்காரர்கள் சின்னக் கூட்டம், ஆளுக்கு நஷ்டம் முழு வாழ்க்கை, அப்படியும் தோற்றார்கள். ஒரு நாள் கூலியை விட்டால் அடுப்பு எரியாதவனுக்கு அந்தக் கணக்குப் பொருந்துவதில்லை.

தாள் எவ்வளவு சத்தமில்லாமல் வேலை செய்யும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே புதிய உதாரணம் இருக்கிறது. 2020 ஜனவரியில் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி விதியில் ஒரு திருத்தம் செய்தது. எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கும் ஆய்வுக் கிணறுகளை 'ஏ' பிரிவிலிருந்து 'பி2' பிரிவுக்கு மாற்றியது. இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும். பி2 என்றால் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை. அதற்கு அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டசபை காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் ஆக்கிச் சட்டம் போட்டது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள், கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்கள் அதில் இருந்தன. வருடக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்த டெல்டா விவசாயிகள் வாங்கிய சட்டம் அது. வானம் பார்த்த ராமநாதபுரம் அதில் இல்லை. கோடு புதுக்கோட்டையோடு நின்றுவிட்டது. 2025-இல் ஓ.என்.ஜி.சி. நம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறு தோண்ட அனுமதி வாங்கிய செய்தி வந்தபோது, 'எங்களிடம் யாரும் கேட்கவே இல்லையே' என்று எல்லோரும் திகைத்தார்கள். கேட்க வேண்டியதில்லை என்பது ஐந்து வருடத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லியிருப்பதாக மாநில அமைச்சர் அறிவித்தார். நல்லது. அந்த பி2 அப்படியேதான் இருக்கிறது.

இனி உங்கள் மனுவுக்கு வருகிறேன். எதுவும் நடப்பதில்லை என்கிறீர்கள். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்ததை நினைத்துப் பாருங்கள். தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆனது. விசைப்படகுக்கு மானிய டீசல் 18,000 லிட்டரிலிருந்து 19,000, நாட்டுப்படகுக்கு 4,000-லிருந்து 4,400. நீங்கள் திரும்பத் திரும்ப எழுதிய வரிகள்தானே இவை? எழுதியதற்குப் பலன் வந்திருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்று மட்டும் அந்த லிட்டர் கணக்கைப் பாருங்கள்.

எனக்கு உறுத்தியது வேறு. 'எங்கள் சங்கம்' என்று எழுதுகிறீர்கள். அது படகு உரிமையாளர்களின் சங்கம். அப்பா கூலிக்குப் போகிறவர், பங்கு வாங்குகிறவர். படகு இலங்கையில் பிடிபட்டால் மனுவில் படகின் மதிப்பு லட்சக்கணக்கில் வருகிறது. உள்ளே இருந்த ஆட்களின் பங்கு எத்தனை மாதம் போனது என்று நீங்கள் எழுதியதுண்டா? அம்மாவுக்கு இந்தக் கடிதத்தில் நான்கு சொல்தான் கிடைத்திருக்கிறது: "அம்மா கடல்பாசி எடுக்கப் போவார்." ஐந்து வருட மனுக்களில் அதுவும் இருந்திருக்காது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லிருந்து தேசியப் பூங்கா. மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகளை எடுக்கத் தீவைச் சுற்றிப் போகும் பெண்கள் அங்கே குற்றவாளிகள். நம் பெண்கள் பேசாமல் இருக்கவும் இல்லை. மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, இரும்பால் சுரண்டுவதில்லை என்று தங்களுக்குள் விதி போட்டுக்கொண்டு, அதை எடுத்துக்கொண்டு போய்ப் பேசினார்கள். பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி 2015-இல், தீவுகளைக் காப்பவர்களுக்குத் தரும் அமெரிக்காவின் சீகாலஜி விருது வாங்கினார். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்.

கலெக்டர் அலுவலகத்து மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். முன்வரிசையில் வெள்ளை வேட்டி, விசைப்படகு. அதற்குப் பின்னால் நாட்டுப்படகு. பாசி எடுக்கும் பெண் ஒருவரைக் கூட நான் அங்கே பார்த்ததில்லை. ஒருமுறை வெளியே வந்து டீக்கடையில் கேட்டேன், ஏன் பாசிக்காரர்கள் யாரும் வரவில்லை என்று. கடைக்கார அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வத்து நல்லா இருக்கு தம்பி, எவ வருவா?" என்றார். வத்து என்றால் கடல் வற்றும் நேரம், பாசி எடுக்க ஏற்ற நேரம்.

அதனால் அடுத்த மனுவை எழுதுமுன் அம்மாவிடம் உட்காருங்கள். எந்தெந்த நாள் வற்று, எத்தனை கிலோ, ஈரம் எவ்வளவு, காய்ந்தால் எவ்வளவு, வியாபாரி என்ன விலை போட்டார், எந்த நாளில் யார் மறித்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். எம்.காம். படித்தவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு வருடக் கணக்குச் சேர்ந்ததும் தனி மனுவாகப் போடுங்கள், குறைதீர்க்கும் கூட்டத்தை வற்று இல்லாத நாளில் வைக்கச் சொல்வதே அதில் முதல் கோரிக்கையாக இருக்கட்டும். நகல் ஒன்று எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்