முதலில் சி மொழியா, அசெம்பிளி மொழியா?

கேள்வி: உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினி) பொருத்திய ஓர் ஆர்டுயினோ ஊனோ போர்ட் வாங்கினேன். அசெம்பிளி தெரியாமல் மைக்ரோகன்ட்ரோலர் படிப்பது படிப்பே இல்லை என்கிறார் ஒன்றுவிட்ட அண்ணா. டியூஷன் சேர் சி போதும் என்கிறார். எதில் தொடங்குவது?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: சியில் தொடங்குங்கள் தம்பி. ஆனால் அண்ணா சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். சிப் செய்யும் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் மொழிதான் அசெம்பிளி. அதில் எழுதுவதைப் பிறகு பார்க்கலாம், வாசிக்க இப்போதே பழகுங்கள்.

உங்கள் போர்டில் 13ஆம் பின்னில் ஒரு சின்ன எல்இடி இருக்கிறது. அதை ஏற்ற, ஆர்டுயினோ தரும் டிஜிட்டல்ரைட் பங்ஷனை விட்டுவிட்டு, அந்தப் பின்னை இயக்கும் போர்ட்பி ரெஜிஸ்டரின் (சிப்புக்குள் உள்ள சிறு நினைவிடம்) 5ஆம் பிட்டை நேரே சியில் 1 ஆக்குங்கள். கம்பைல் செய்த (சிப்புக்கான கட்டளைகளாக மாற்றிய) கோப்பை, அதை அசெம்பிளியாகக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவியில் திறந்தால் அந்த வரி ‘எஸ்பிஐ’ என்ற ஒரே கட்டளையாக நிற்கும். அதற்கு 2 கிளாக் (சிப்பின் துடிப்பு), அதாவது 16 மெகாஹெர்ட்ஸில் 125 நானோசெக்கன். டிஜிட்டல்ரைட் இதே வேலைக்குச் சில மைக்ரோசெக்கன் எடுக்கும். சி மெதுவானது என்று சொல்கிறவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

வாசிக்கத் தெரிந்தால் என்ன பலன்? வெள்ளவத்தையில் என் பட்டறைக்கு அண்மையில் ஒருவர், தானே செய்த தண்ணீர் மோட்டர் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தார். தாங்கி நிரம்பியதும் மிதவை சுவிட்ச் இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைநிறுத்தும் சமிக்ஞை) கொடுக்கும், அது ஒரு வேரியபிளை 1 ஆக்கும். மெயின் பங்ஷனில் உள்ள வைல் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) அதற்காகக் காத்திருந்து மோட்டரை நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை, மொட்டை மாடி முழுக்கத் தண்ணீர். சி கோடில் எதுவும் கண்ணில் படவில்லை. சரி, அசெம்பிளியைத் திறந்தோம். வேரியபிளை ரேமிலிருந்து எடுக்கும் ‘எல்டிஎஸ்’ லூப்புக்கு வெளியே நின்றது. ஒரு தடவை எடுத்ததோடு சரி, லூப் ரேம் பக்கமே போகவில்லை. லூப்புக்குள் யாரும் அதை மாற்றவில்லையே என்று கம்பைலர் சுருக்கிவிட்டது. வேரியபிளுக்கு முன்னால் ‘வோலடைல்’ (ஒவ்வொரு தடவையும் ரேமிலேயே பார் என்ற குறிப்பு) சேர்த்ததும் எல்டிஎஸ் உள்ளே வந்தது, மோட்டரும் நின்றது.

அசெம்பிளியில் எழுதியே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. வெசாக் அலங்காரத்துக்கு டபிள்யூஎஸ்2812 எல்இடி பட்டி வாங்கினால், அதற்கு ஒரு பிட் அனுப்ப 1.25 மைக்ரோசெக்கன்தான், உங்கள் சிப்புக்கு அது 20 கிளாக். அங்கே ஒவ்வொரு கிளாக்கையும் எண்ண வேண்டும். அந்தத் துண்டை மட்டும் அசெம்பிளியில் எழுதி சி கோடுக்குள் வைத்துவிடலாம்.

உங்கள் போர்டின் சிப்பான ஏடிமெகா328பியின் டேட்டாஷீட்டின் (விவரக் கையேடு) பின்பகுதியில் கட்டளைப் பட்டியல் இருக்கிறது. அச்செடுத்து மேசையில் வையுங்கள். 131 கட்டளைகளையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, திரும்பத் திரும்ப வருவது இருபது முப்பதுதான்.